சீர்க்குதிரை தின்ற லட்டு

நாகஜோதி கால்நடை மருத்துவர். அதிலும் ஆராய்ச்சி செய்கிறவள். நாய்க்குச் சர்க்கரை நோய் வருமா என்று கேட்டால், வரும் என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். குதிரையைப் பற்றிக் கேட்டுவிட்டால் போச்சு, கேட்டவர் அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாது. உடம்பு பெருத்த குதிரைக்கு இனிப்புக் கொடுத்தால் இன்சுலின் எகிறும், குளம்புக்குள் வீக்கம் காணும், அப்புறம் நிற்கவே முடியாது என்பதுதான் அவள் ஆராய்ச்சியின் சாரம். திருப்பூர்ப் பக்கம் விசேஷங்களில் மேளத்துக்கு ஆடும் குதிரைகள் லட்டும் வெல்லமும் தின்றே பெருத்தவை. ஆகவே அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

அவிநாசிபாளையத்து ரஷீதின் ஆட்டக்குதிரை சுல்தானா போன வருடம் குளம்பு வீங்கிப் படுத்தபோது, தேற்றி எழுப்பியவள் நாகஜோதிதான். "இனி ஒரு துண்டு வெல்லங்கூட ஆகாதுங்க பாய்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அந்த மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பனியன் வேஸ்ட் துணியில் வாய்க்கூடு தைத்துப் போட்டார். குதிரைக்கு இனிப்பு ஊட்டியே தீருவோம் என்று நின்றவர்களின் விசேஷங்களையே வேண்டாமென்று விட்டார்.

அப்படியிருக்க, நாகஜோதியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் தனபால் பனியன் கம்பெனி முதலாளி, சும்மா வருவாரா? சீர்த்தட்டுகளுக்கு முன்னால் சுல்தானாவை ஆடவிட்டு, மண்டபத்து வாசலை அதிரவைத்தார். பார்ட்னர் வீட்டு விசேஷத்தில் குதிரைக்கு லட்டு ஊட்டிய மறுவாரமே வெளிநாட்டு ஆர்டர் வந்ததாம். அதனால் இவரும் ஊட்டியாக வேண்டும்.

"ஏனுங்க பாய், அந்த வாய்க்கூட்டைக் கழட்டுங்க. போட்டோவுல மூஞ்சி தெரிய வேண்டாமா?"

"இதுக்கு இனிப்பு ஆகாதுங்க. டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க" என்று ரஷீத் நாகஜோதியைப் பார்த்தார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணன் கையில் லட்டு, பக்கத்தில் கேமராக்காரர். "குதிரைக்கும் சுகரா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. இத்தனை வருடமாகச் சொந்தக்காரர்கள் வாயில் 'மாட்டு டாக்டர்' என்று அடிபட்டவள் அவள். பட்டுச்சேலை கட்டி நிற்கும் இந்த ஒரு நாளாவது யாரும் சிரிக்காமல் இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

"ஒண்ணுதானுங்களே பாய். பரவால்லீங்க."

ஒன்றோடு நின்றதா? டாக்டரே சரியென்றதும் அத்தைமார், சித்தப்பாமார், கம்பெனி ஆட்கள் என்று ஆளுக்கொரு லட்டாக ஊட்டினார்கள். ரஷீத் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மகளை அணைத்துக்கொண்டு செல்ஃபிக்குச் சிரித்தாள்.

இரண்டு நாளில் சுல்தானா முன்னங்கால் ஊன்ற முடியாமல் சாய்ந்தது. போன் வந்ததும் நாகஜோதி பதறியடித்துக்கொண்டு ஓடினாள். அவளுடைய பேராசிரியர் ஆறுச்சாமியும் கூட வந்தார். குளம்பு கொதித்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால், உள்ளே எலும்பே இடம் பெயர்ந்திருந்தது.

"இனி ஆட்டமெல்லாம் கிடையாது. நடந்தாலே பெரிய காரியம்" என்றார் பேராசிரியர். "யாரு இனிப்புக் குடுத்தது?"

"தப்பு என்னுதுதானுங்க சார். கூட்டத்துல உட்டுட்டேன். டாக்டரம்மா அத்தனை சொல்லியும்..."

"உங்களை மாதிரி ஆளுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது!"

ரஷீத் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். வேறொருவர் அவளுக்காகத் திட்டு வாங்குகிறார், அவளோ குளம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். இந்நேரத்தில் ரஷீதின் மனைவி நூர்ஜான் டீ கொண்டுவந்து முதல் டம்ளரை நாகஜோதியிடம் நீட்டினாள். அதை வாங்கக் கை வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார், அவர் வேண்டாம்னுதான் சொன்னாரு. குடுக்கச் சொன்னது நான்."

பேராசிரியர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார். நாகஜோதி ரஷீதின் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சுக்குங்க பாய்."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவரோ சுல்தானாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே, மரியாதை குறையாமல் சொன்னார்:

"அவங்கெல்லாம் உங்க சொந்தக்காரங்க. நான் சொன்னா கேக்கமாட்டாங்கன்னுதானுங்க உங்க மூஞ்சியைப் பாத்தேன்."