சுவரேறிய ஹாஜியார்

தலை நரைத்த நாளிலிருந்து ஷாஸ்லியை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடுகிறது. எகிப்தில் லக்ஸருக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் நரைத்த தலைக்கு அது ஒரு மரியாதை. நாளாக ஆக, மனிதர் உண்மையிலேயே ஹஜ் செய்ய மக்கா போய்வந்தவர் என்று பாதிப் பேர் நம்பியும் விட்டார்கள். விமானம் என்றாலே வயிறு கலங்கும் ஷாஸ்லி, வெங்காயக் கடையில் உட்கார்ந்தபடியே ஹாஜியாராகிவிட்டார். டீக்கடையில் முதல் டீ அவருக்கு, ஊர் வழக்கில் கடைசி வார்த்தை அவருடையது. இதையெல்லாம் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

மெய்யாகவே மக்கா போனவள் அவர் மனைவி ஸனிய்யா. தம்பியின் துணையோடு போனவள் இன்று சாயங்காலம் திரும்புகிறாள். ஹஜ் முடித்து வருகிறவரின் வீட்டுச் சுவரில் படம் எழுதுவது ஊர் வழக்கம். பக்கத்து ஊர் ஓவியர் அய்யாத் என்பவரைக் கூப்பிட்டு, "ஹஜ் படம் ஒண்ணு போட்டுடுப்பா" என்று சொல்லிவிட்டு ஷாஸ்லி கடைக்குப் போனார். யாருக்காக என்று மட்டும் சொல்லவில்லை. மனைவிக்கு என்று சொன்னால், 'அப்போ நீங்க எப்பப் போனீங்க?' என்ற கேள்வி வருமே!

மதியம் திரும்பியவருக்கு விழி பிதுங்கியது. சுவரில் நீல விமானம். அதன் ஜன்னலில் அவரே, மீசையோடு சிரிக்கிறார். பக்கத்தில் மக்காவின் புனித ஆலயமான கஅபா. அதன் முன்னாலும் அவரே, வெள்ளைத் துணி உடுத்திக் கையேந்தி நிற்கிறார்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே!"

"ஏன் ஹாஜியாரே, மீசை சின்னதாப் போச்சா?"

"ஹஜ்ஜுக்குப் போனது என் பொண்டாட்டிய்யா!"

"டீக்கடைல ஹாஜியார் வீடுன்னாங்களே! அதனால என்ன, அம்மாவையும் பக்கத்துல நிறுத்திடலாம். நீங்க எந்த வருஷம் போனீங்க? கீழே எழுதணும்."

ஷாஸ்லிக்கு வேர்த்தது. ஒரு வருஷத்தைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் பொய் சுவரேறிவிடும். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, பள்ளிவாசல் இமாம் அந்தப் பக்கம் வந்தார்.

"இமாம், ஒரு சந்தேகம். ஹஜ் போகாதவரை ஹாஜியார்னு கூப்பிடலாமா?" என்று கேட்டார் ஷாஸ்லி.

"வயசுக்கு மரியாதையாக் கூப்பிட்டா கூப்பிடட்டுமே."

ஷாஸ்லிக்கு உயிர் வந்தது.

"ஆனா போயிட்டு வந்ததா நம்பிக் கூப்பிடுறாங்கன்னு தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கான் பாருங்க, அவன் கதை வேற. போனவங்களே அதைப் பட்டமாக்கிக்கக் கூடாது. அஞ்சு வேளை தொழுறவனைத் தொழுகையாரேன்னா கூப்பிடுறோம்? ஆமா, யாரைப் பத்திக் கேக்குறீங்க ஹாஜியாரே?"

பதில் சொல்வதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தமும் குலவையும் கேட்டன. சாயங்காலம் வரவேண்டியவள் முன்னதாகவே வந்துவிட்டாள். வண்டிக்குப் பின்னால் ஊரே வந்தது. ஷாஸ்லி ஓவியரின் தூரிகையைப் பிடுங்கிச் சுண்ணாம்பு வாளியில் முக்கி, கஅபாவின் முன்னால் நின்ற தன் முகத்தில் அப்பினார்.

"ஹாஜியாருக்கு என்ன ஆச்சு?" என்று கூட்டம் கேட்டது.

"நான் ஹாஜியார் இல்ல!" என்றார் ஷாஸ்லி. "மக்காவை நான் கண்ணால பாத்தது இல்ல. இவ்வளவு நாளும் நீங்க கூப்பிட்டீங்க, நானும் ருசியா இருக்குன்னு சும்மா இருந்துட்டேன். போனவ இவதான். படம் இவளுக்குத்தான்."

குலவை நின்றுபோனது. ஸனிய்யா வண்டியை விட்டு இறங்கிச் சுவரை மேலும் கீழும் பார்த்தாள். ஒவ்வொரு ஹஜ் காலத்திலும் 'முட்டி வலி' என்று சொல்லித் தட்டிக்கழித்த புருஷனையும் பார்த்தாள். அவர் கை மறுபடி சுண்ணாம்புக்குள் போனது. இந்த முறை குறி விமான ஜன்னல்.

"அதை அழிக்காதீங்க" என்றாள்.

"ஏன்?"

"அடுத்த வருஷம் அங்கதானே உக்காரப் போறீங்க? ஊருக்கு முன்னால போகலைன்னு ஒத்துக்கிட்டாச்சு. இனிமே போகாம தப்பிக்க முடியுமா?"

கூட்டத்தில் மறுபடி குலவை எழுந்தது. ஷாஸ்லி ஜன்னலில் சிரிக்கிற தன் மீசையைப் பார்த்தார். தரையில் நின்றபடியே அவருக்கு வயிற்றைக் கலக்கியது.