ஒருவருக்குக் காட்டினால் எல்லாருக்கும்

ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில் மாலை நான்கு மணிக்கு இரண்டு பேர்தான் மிச்சம். ஒருத்தி யாதிரா பாரியென்டோஸ், வயது இருபத்தேழு. எதிரே வெண்டல் டாக்கெட், அறுபத்தெட்டு வயது டெக்சஸ்காரர், லாஸ் வேகாஸின் கோடைகால போக்கர் சீட்டுப் போட்டிகளில் ஐந்து தங்கக் காப்புகளை ஜெயித்தவர். ஆறாவது காப்பு மேசை ஓரத்தில் ஒரு வெல்வெட் பெட்டிக்குள் இருந்தது. அது அவருக்குத்தான் என்று கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள்.

யாதிராவுக்கு அது வேண்டும். பணத்துக்காக இல்லை. இரண்டாம் இடத்துக்குக் கிடைக்கும் பணமே, அவள் அம்மா போட்டி நடக்கும் இதே ஹோட்டலில் பதினேழு வருஷம் அறை துடைத்துச் சம்பாதித்ததைவிட அதிகம். அம்மாவோடு போட்ட பந்தயம்தான் பிரச்சினை.

வீட்டிலேயே முதல் பட்டதாரி, அதுவும் கணக்கில் பட்டம் வாங்கியவள், சீட்டாடித் திரிகிறாள் என்பதை அம்மா ஒஃபேலியாவால் நான்கு வருஷமாக ஜீரணிக்க முடியவில்லை. கேட்கிறவர்களிடம் "கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லிச் சமாளித்தாள். மார்ச் மாதம் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகம் யாதிராவுக்கு வேலை தருவதாக எழுதியது. அன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒஃபேலியா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"இந்தக் கோடைல அந்தக் காப்ப ஜெயிச்சுக் காட்டு. ஜென்மத்துக்கும் ஆபீஸ்ங்கிற வார்த்தைய எடுக்கமாட்டேன். ஜெயிக்கலைன்னா அங்க போய் ஒழுங்கா உக்காரு. கை குடு."

யாதிரா கை கொடுத்தாள். இந்த ஊரில் சீட்டாடிகளுக்குள் பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. கை கொடுத்தால் கொடுத்ததுதான். பேச்சு மாறியவனோடு அப்புறம் ஒருத்தனும் மேசையில் உட்கார மாட்டான். ஒஃபேலியாவுக்குச் சீட்டு தெரியாது, சீட்டாடிகளை நன்றாகவே தெரியும். இது கோடையின் கடைசிப் போட்டி. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் ஒரு நாற்காலி காத்திருந்தது.

அதே ஒஃபேலியா இப்போது பார்வையாளர் கயிற்றுக்குப் பின்னால், சாம்பல் நிறச் சீருடையில் நின்றாள். பதினெட்டாம் மாடியில் மிச்சமிருந்த இரண்டு அறைகளைத் தோழியின் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

சீட்டு போடுகிற மாரிவிக் ஆளுக்கு இரண்டு சீட்டு வீசி, நடுவில் இருவருக்கும் பொதுவாக ஐந்தை ஒவ்வொன்றாகத் திறந்தாள். யாதிரா கையில் இரண்டு பத்து, ஒரு ஜோடி. மோசமில்லை. வெண்டல் பணத்துக்குப் பதில் வைக்கும் சிப்புகளில் ஒரு பெரிய குவியலை நடுவில் தள்ளிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"பாப்பா, சொன்னா கேளு. அந்தச் சீட்டக் கவுத்துரு. இன்னும் எவ்வளவோ ஆட்டம் இருக்கு. சின்னப் பொண்ணு நஷ்டப்படுறதப் பாக்க எனக்கு மனசு வராது."

காலையிலிருந்து பாப்பா, பாப்பா. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் யோசித்துப் பார்த்துச் சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாள். சிப்புகள் அவர் பக்கம் போயின.

அதோடு அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கயிற்றுக்குப் பின்னால் அவருடைய பழைய சிநேகிதர் பாய்ட் நின்றிருந்தார். வெண்டல் நாற்காலியைச் சாய்த்து, தன் இரண்டு சீட்டுகளையும் லேசாகத் தூக்கி அவருக்கு மட்டும் காட்டினார். பாய்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெண்டல் கண்ணடித்துவிட்டுச் சீட்டுகளை மாரிவிக் பக்கம் எறிந்தார்.

"எனக்கும் காட்டுங்க," என்றாள் யாதிரா.

"என்னது பாப்பா?"

"அவருக்குக் காட்டினீங்கல்ல? எனக்கும் காட்டணும்."

கூட்டம் ஊளையிட்டது. "பெரியவர விடும்மா!" "தோத்தா தோத்துட்டுப் போயேன்!"

"அவன் ஆட்டத்துலயே இல்லையேம்மா. சிநேகிதன், சும்மா ஒரு தமாசு."

"நானும் சிரிக்கிறேனே. காட்டுங்க."

இதற்குள் மாரிவிக் அந்த இரண்டு சீட்டும் மற்றதோடு கலந்துவிடாமல் உள்ளங்கையால் மூடிவிட்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "க்ளின்ட்!" என்று மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

க்ளின்ட் வந்தார், கேட்டார், தலையைச் சொறிந்தார். "ஒருத்தருக்குக் காட்டினா எல்லாருக்கும், வெண்டல். நான் வேலைக்குச் சேந்த புதுசுல இந்த விதிய எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்."

மாரிவிக் திருப்பினாள். ஒரு ஏழு, ஒரு மூன்று. ஒன்றுக்கும் உதவாத கை.

"வெறுங்கையாலயே விரட்டிட்டாரு!" என்று எவனோ கத்தினான். கூட்டம் குலுங்கியது.

"ஏண்டி, இதக் கேட்டு வாங்கி அசிங்கப்படணுமா?" என்றாள் கயிற்றோரம் நின்ற அம்மா, மண்டபத்துக்கே கேட்கும்படி.

யாதிராவின் காது சிவந்தது. ஆனால் கோபம் வந்தால் அவள் தலை சூடாகாது, குளிர்ந்துபோகும். கல்லூரி உதவித்தொகை அலுவலக வரிசையில் நின்று, உள்ளே இருந்தவன் இரண்டாம் முறையும் "உங்கப்பா என்ன வேலை?" என்று கேட்டபோது பழகிய கோபம் அது. அவள் பகல் முழுவதையும் பின்னால் ஓட்டிப் பார்த்தாள்.

மத்தியானம் இதே மேசையில் ஆடிய ஒரு பிரேசில் பையனிடம் வெண்டல், "தம்பி, பொறுமை, பொறுமை," என்றார். பையன் விடாமல் பணம் கட்டிப் பார்த்தான். அப்போதும் வெண்டலிடம் வெறுங்கை. ஒரு கொரியாக்காரரை வெளியேற்றியபோதோ வெண்டலிடம் மூன்று ராணி. வாயே திறக்கவில்லை. குனிந்து தண்ணீர் பாட்டிலில் ஒட்டிய காகிதத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

கை நிறைந்திருந்தால் மனிதர் ஊமை. கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் ஊருக்கு உபதேசம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்று முழுவதும் முதல் தடவையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சின்ன ஆட்டங்களில் சரிபார்த்தாள். வெண்டல் காகிதத்தை உரித்தபோது நல்ல ஜோடியைக்கூடக் கவிழ்த்துவிட்டு எழுந்து நின்று சோம்பல் முறித்தாள். "அவசரப்படாத பாப்பா" என்றபோது பணம் கட்டினாள். பணம் கட்டிய ஒவ்வொரு தடவையும் அவரிடம் வெறுங்கைதான். ஒரு மணி நேரத்தில் அவள் சிப் குவியல் அவருடையதைவிட இரண்டு விரற்கடை உயர்ந்துவிட்டது.

"கோவத்துல ஆடுது பொண்ணு," என்று வெண்டல் பாய்டிடம் முணுமுணுத்தார். "கோவத்துக்கு ஆயுசு கம்மி."

அப்புறம் அந்த ஆட்டம் வந்தது. நடுவில் ராஜா, ஒன்பது, நான்கு, ஜாக்கி, இரண்டு. அவள் கையில் ஒரு ஒன்பது, ஒரு எட்டு. ஆக, ஒன்பதில் ஒரு ஜோடி. ராஜாவோ ஜாக்கியோ எதிரே இருந்தால் அவள் காலி.

வெண்டல் இரண்டு கையாலும் தன்னிடமிருந்த அத்தனையையும் நடுவில் தள்ளினார். அவர் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார்.

பேசாவிட்டால் கவிழ்க்க வேண்டியதுதான். அவள் கை சீட்டின் மேல் போனது. பாட்டில் புதிது, அதில் ஒட்டிய காகிதம் முழுசாக இருந்தது. அவர் தொடவில்லை.

"பாப்பா," என்றார் வெண்டல், மிக மிருதுவாக. "உங்கம்மா எவ்வளவு நேரமா கால் கடுக்க நிக்கிறாங்க பாரு. ரெண்டாவது இடமே உனக்குப் பெரிய விஷயம். கவுரவமா இருக்கும். கோவத்துல அத இழந்துடாத."

அவள் கவனிப்பதைக் கண்டுபிடித்துவிட்டாரோ? தெரிந்துகொண்டே நாடகம் ஆடுகிறாரோ? ஐந்து காப்பு போட்ட கை ஆயிற்றே. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அக்கறை வழிந்தது. உண்மையான அக்கறை, தான் சொல்வதை அவரே நம்பினார். நாற்பது வருஷமாக ஊரே காது கொடுத்துக் கேட்ட பேச்சு. ஒருத்தர்கூட நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதரின் காதில் அவருடைய பேச்சே விழாது.

"கட்டுறேன்," என்றாள்.

வெண்டல் கண்ணை மூடித் திறந்தார். ஒரு ஆறையும் ஒரு ஐந்தையும் திருப்பிப் போட்டார். மறுபடியும் வெறுங்கை.

மாரிவிக், அத்தனை மணி நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

கூட்டத்துக்கு யாரைக் கைதட்டுவது என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு தட்டினார்கள். வெண்டல் எழுந்து வந்து, தொப்பியைக் கழற்றி, கை கொடுத்தார். நல்ல அழுத்தமான கைகுலுக்கல். அதில் பொய் இல்லை.

"எதுல என்னப் பிடிச்ச?"

"அதிர்ஷ்டம், மிஸ்டர் டாக்கெட்."

"பொய் சொல்ற."

"ஆமா. அடுத்த கோடையும் ஆடணும்ல?"

அவர் பெரிதாகச் சிரித்தார். "பாப்பா, ஒரே ஒரு அறிவுரை சொல்லட்டா?"

யாதிரா அதற்குச் சிரித்த சிரிப்பு ஏன் அவ்வளவு நீளம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

புகைப்படக்காரர்கள் விட்ட பிறகு அவள் காப்போடு கயிற்றருகே போனாள். ஒஃபேலியா அதை வாங்கி, எடை பார்த்து, கொக்கியைத் திறந்து மூடினாள்.

"கொக்கி லூசா இருக்கு."

"அம்மா."

"சரி, சரி. கை குடுத்திருக்கேன். அந்த வார்த்தைய இனி எடுக்கமாட்டேன்." காப்பைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "திங்கக்கிழம போட்டுட்டுப் போக உனக்கு ஒரு சட்ட வாங்கி வச்சேன். வெள்ளச் சட்ட. நல்ல துணி."

"எப்போ?"

"போன வாரம். கடைல திருப்பிக் குடுத்துக்கலாம், ஒண்ணும் பிரச்சினையில்ல." ஒஃபேலியா சீருடையின் பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ரசீதை எடுத்துக் காட்டினாள். "விலைச்சீட்டக்கூட நான் கிழிக்கல."