கண்ணாடி உடையவில்லை

மனைவி அப்பாவின் பரிசோதனை முடிவுகளை வாங்கி வர ஆஸ்பத்திரிக்குள் போயிருந்தாள். மாமனார் காரின் பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மாப்பிள்ளை மட்டும் வெளியே, தகரக் கூரையின் துண்டு நிழலில் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காருக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறதாம், இப்போதே ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. வீட்டுக்குப் போய் நிதானமாகச் செய்திருக்கலாம். ஆனால் அதே கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் நாலைந்து பேர் அப்டேட் முடித்துப் படமும் போட்டுவிட்டார்கள். அந்தக் குழுவில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். யார் வண்டியில் என்ன கோளாறு என்றாலும் முதலில் அவனைத்தான் கேட்பார்கள். அவனும் ஆபீஸ் வேலையை அப்படியே போட்டுவிட்டு, நீளமான குரல்பதிவாக வைத்தியம் சொல்வான். டாக்டரே கடைசியாக ஏற்றினால் மரியாதை என்னாவது?

சும்மா சொல்லக்கூடாது, நல்ல கார்தான். மின்சார வண்டி, சத்தமில்லாமல் ஓடும், புகை கிடையாது, பக்கத்தில் போனால் கைப்பிடி தானாக வெளியே வந்து வரவேற்கும். ஆனால் வாங்கிய நாளிலிருந்து அவன் அடித்த தம்பட்டம் இருக்கிறதே, அது கொஞ்சநஞ்சமல்ல. "ஒரு வண்டிக்கு இவ்ளோ அலட்டல் ஆகாதுங்க" என்று மனைவி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். மாமனார் ஒருவர்தான் கேட்பார். ஒரே விஷயத்தை நாலாவது முறை சொன்னாலும், "அப்படியா மாப்ள!" என்று புருவத்தை உயர்த்துவார். நிஜமாகவே வியக்கிறாரா, மாப்பிள்ளை மனம் நோகக்கூடாது என்று வியக்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். முழங்கால் அறுவை செய்துகொண்டவர். காலை நீட்டிக்கொள்ள வசதி என்று எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவார். போன வாரம் பாதம் வீங்கியதற்காக நீர் பிரியும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து அவரால் அடக்க முடிவதில்லை. வரும் வழியில் இரண்டு இடங்களில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இரண்டாவது முறை, "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுக்கறேன்" என்றார். மாப்பிள்ளை, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தான்.

இங்கே வந்து ரத்தம் கொடுத்து முடித்ததும் மனிதர் களைத்துப்போனார். "நான் கார்லயே உக்காந்திருக்கேன் மாப்ள. உள்ள ஒரே கூட்டம். உங்க ஏசி இருக்கே, ஆஸ்பத்திரி ஏசியெல்லாம் இதுக்குக் கிட்ட வர முடியாது" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். அவன் பெருமையாகக் குளிர்ச்சியை இன்னும் ஒரு படி கூட்டி வைத்துவிட்டுத்தான் நிழலுக்கு வந்தான்.

கைப்பேசியில் பொத்தானை அழுத்தியதும் வழக்கமான எச்சரிக்கை வந்தது. அப்டேட் முடியும்வரை கதவு, ஜன்னல், ஏசி எதுவும் இயங்காது. வண்டிக்குள் யாரும் இல்லை என்பதை உறுதி செய்யவும். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். இதைப் படிக்காமல் அழுத்தினான் என்று சொன்னால் பொய். இதைப் பற்றியே குழுவில் ஒரு குரல்பதிவு போட்டவன் அவன். படித்தான், தலையை நிமிர்த்திக் காரைப் பார்த்தான், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மாமனாரின் வெள்ளைத் தலை சாய்ந்திருப்பதையும் பார்த்தான். தூங்குகிற மனுஷன்தானே, எழுந்திருப்பதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்தான். வண்டிக்குள் யாரும் இல்லை என்று கட்டத்தைத் தொட்டான்.

ஏசி நின்ற காருக்குள் வெயில் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று கேட்டிருந்தால் டாக்டர் அதற்கும் புள்ளிவிவரம் சொல்லியிருப்பான். அவன் குழுவில் "ஏத்திட்டிருக்கேன் மக்களே" என்று எழுதிக்கொண்டிருந்தபோது கண்ணாடியில் தட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டது. மாமனார் விழித்துவிட்டார். கதவிலிருந்த பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். இவன் சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்தி, இதோ ஆகிவிட்டது என்று சைகை காட்டினான். அவர் கொஞ்சம் பொறுத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுவந்து சுண்டுவிரலை மட்டும் நீட்டிக் காட்டினார். எழுபதைத் தாண்டிய மனிதர், வகுப்பில் பையன்கள் டீச்சரிடம் காட்டுகிற மாதிரி. அப்போதுதான் மாப்பிள்ளைக்கு அந்த மாத்திரை ஞாபகம் வந்தது.

ஓடினான். கைப்பிடி வெளியே வரவில்லை. வண்டியின் உடம்போடு ஒட்டி வழவழவென்று கிடந்தது. சாவி அட்டையைத் தேய்த்தான். கைப்பேசியில் கதவு திறக்கும் பொத்தானை அழுத்தினான். காத்திருக்கவும் என்று வந்தது. நிறுத்து என்று ஒரு பொத்தானாவது இருக்குமா என்று தேடினான், இல்லை. நாற்பத்தொரு சதவீதம் என்று ஓர் எண் மட்டும் நின்றது. அதுவும் நகர்கிற வழியாகத் தெரியவில்லை.

சரி, மின்சாரம் போனால் கையால் திறக்க வழியில்லாமலா செய்திருப்பார்கள்? இருக்கிறது. முன்கதவில் ஜன்னல் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒரு நெம்புகோல். பின்கதவில்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கதவுப் பையின் அடியில் ஒரு ரப்பர் துண்டு, அதைப் பிய்த்தால் சின்ன மூடி, மூடியைத் தூக்கினால் ஒரு கம்பி வளையம். அதை இழுத்தால் கதவு திறந்துகொள்ளும். குழுவில் பாதிப் பேருக்கு இது தெரியாது. டாக்டருக்குத் தெரியும். கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினான். "மாமா, கதவுப் பையில கைய விடுங்க! அடியில ரப்பர் இருக்கும். அதப் பிய்ங்க!"

அவர் காதில் கையை வைத்து, கேட்கவில்லை என்றார். இரட்டைக் கண்ணாடி. வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது என்று அவனேதான் சொல்லியிருந்தான். கையால் நடித்துக் காட்டினான். மாமனார் குனிந்து, பைக்குள் கையை விட்டு, எதையோ சுரண்டினார். சுரண்டிக்கொண்டே இருந்தார். ரப்பரைப் பிய்ப்பதற்கு இவ்வளவு நேரமா என்று எரிச்சல்கூட வந்தது மாப்பிள்ளைக்கு. அவர் கையை எடுத்து விரல்களைப் பார்த்தபோது நகக்கண்ணில் பழுப்புநிறத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அந்தப் பழுப்பு அவன் ஒட்டியது. வண்டி உள்ளே கீறல் விழக்கூடாது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நாலு கதவுப் பைகளுக்கும் தோல் மாதிரி ஒரு விரிப்பைப் பசை போட்டு ஒட்டினான். மூடி இருக்கும் இடத்தில் ஓட்டை போட வேண்டும் என்று தெரியும். ஓட்டை போட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று அதன்மேலேயே அழுத்தித் தேய்த்துவிட்டான். ஜென்மத்துக்கும் வராது சார் என்று கடைக்காரர் கொடுத்த பசை. சொன்ன சொல் தவறவில்லை.

"முன்சீட்டுக்கு வாங்க! முன்னாடி வாங்க மாமா!" என்று சைகை செய்தான். அவர் முயன்று பார்த்தார். பெரிய சரீரம், மடங்காத முழங்கால். இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் தோள்வரை நுழைந்து, சிக்கி, மூச்சு வாங்கி, மெல்லப் பின்வாங்கி மறுபடி உட்கார்ந்தார். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. முகம் சிவந்துபோயிருந்தது. இரண்டு தொடைகளையும் இறுக்கிக்கொண்டு, முன்சீட்டின் பின்பக்கத்தைக் கையால் பிடித்தபடி குனிந்திருந்தார்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் காவலாளி, சங்கிலி மாட்டி வைக்கும் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், தள்ளுங்க. அந்தப் பக்கத்துக் கண்ணாடி மூலையில ஒரு போடு போட்டா போதும். அவர் மேல சிதறாது."

கம்பி உயர்ந்தது. மாப்பிள்ளையின் கை தன்பாட்டுக்குப் போய்க் காவலாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"இருங்க, இருங்க. எழுபத்தெட்டு வந்திருச்சு. இன்னும் கொஞ்சம்தான்."

இதைச் சொன்னபோது அவன் மனதில் என்னவெல்லாம் ஓடியது என்று எழுதவே கூசுகிறது. இந்தக் கண்ணாடி இங்கே கிடைக்காது, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். கண்ணாடித் தூள் கதவு இடுக்கில் இறங்கினால் பிறகு கடகடவென்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். குழுவில் என்னவென்று சொல்வது? இவ்வளவும் வரிசையாக வந்தது. வரிசையின் கடைசியில்தான் மாமனார் வந்தார்.

"ஏங்க, உள்ள இருக்கறது மனுஷன்ங்க!" என்றாள் கையில் மருந்துப் பையோடு நின்ற ஒரு பெண். "உங்க அப்பாவா?"

"இல்ல, மாமனார்."

"அதானே பாத்தேன்" என்றது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது மடல் எரிந்தது. கையை எடுத்துவிடலாம், இப்போதே எடுத்துவிடலாம் என்று நினைத்தான். எண்பத்திரண்டு ஆகியிருந்தது. கையை எடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் உள்ளே பார்த்தான். மாமனார் தலையை நிமிர்த்தியிருந்தார். அவருக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது. ஆனால் உயர்ந்து நிற்கிற கம்பியும், அதைத் தடுத்துப் பிடித்திருக்கிற கையும், அது யாருடைய கை என்பதும் தெளிவாகத் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை மெல்ல உயர்த்தி, காவலாளியைப் பார்த்து, வேண்டாம் என்று அசைத்தார். உடைக்க வேண்டாம். அசைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தார். அவர் உடம்பின் இறுக்கமெல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். என்ன நடந்தது என்று மாப்பிள்ளைக்குப் புரிந்தது. அந்த மருந்துப் பைப் பெண்ணுக்கும் புரிந்திருக்க வேண்டும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காவலாளி கம்பியைக் கீழே போட்டார். "கையை விடுங்க சார்" என்றார். அதுவரை அவன் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

நூறு வந்தது. இனிமையாக ஒரு மணி ஒலித்தது. நாலு கைப்பிடிகளும் ஒன்றாக வெளியே நீண்டன. முன்னால் இருந்த பெரிய திரையில் வண்ண வண்ணமாக ஏதோ மலர்ந்து, உங்கள் கார் இப்போது இன்னும் பாதுகாப்பானது என்று வாழ்த்தியது. ஏசி குளுகுளுவென்று வீச ஆரம்பித்தது. மாப்பிள்ளை கதவைத் திறந்தான். வெக்கையோடு சேர்ந்து அந்த வாடையும் வந்தது.

"மாமா..."

"ஒண்ணுமில்ல மாப்ள. வேர்வை."

இறங்கினார். காவலாளி, "என்ன சினிமாவா ஓடுது? போங்க, அவங்கவங்க வேலையப் பாருங்க" என்று கூட்டத்தை விரட்டிவிட்டு, தன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். மாமனார் ஒரு மிடறு குடித்தார். பிறகு நின்ற இடத்திலேயே, பாட்டிலை அப்படியே தலையில் கவிழ்த்தார். தண்ணீர் முகத்தில் வழிந்து, சட்டையில் வழிந்து இறங்கியது. மிச்சமிருந்ததை மடிப் பக்கமாக, பேன்ட்டின் முன்புறம் முழுக்க நனையும்படி பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டார். பாட்டிலை மூடி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மாப்பிள்ளைக்கு அங்கேயே, அந்தத் தார்த் தரையிலேயே விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்கும் தைரியம் வேண்டுமே. "மாமா, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தான். வேணும்னு செய்யல என்று முடிக்க வேண்டிய வாக்கியம். அந்தக் கட்டத்தைத் தொட்டது வேண்டுமென்றேதான், கம்பியைத் தடுத்ததும் அவன் கைதான்.

"அவ வர்றா" என்றார் மாமனார்.

கையில் காகித உறையோடு மனைவி வந்துகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நடை வேகமானது. "என்னப்பா இது? தெப்பமா நனைஞ்சிருக்கீங்க?"

"வெக்கையா இருந்துச்சும்மா. கொஞ்சம் தலைல ஊத்திக்கிட்டேன்."

"கொஞ்சமா? ஏசி போடலயா?" என்று புருஷனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் மாமனார், "நான்தாம்மா வெளியில நிக்கறேன்னு எறங்கினேன். மாப்ள பாவம், ரொம்ப பதறிட்டாரு" என்றார். சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை. மகள் ஈரத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, "சரி, வீட்டுக்குப் போயி மொதல்ல துணி மாத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மாமனார் ஏறவில்லை. பின்கதவுக்குப் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து, சீட்டை ஒருமுறை அழுத்தித் துடைத்து, ஈரப் பக்கம் உள்ளே போகும்படி நாலாக மடித்துப் போட்டார். மகளுக்குக் கேட்காத குரலில், "கறை பிடிச்சுக்காதுல்ல மாப்ள?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். ஒரு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"மாமா, ப்ளீஸ்" என்றான்.

"இல்ல, புது வண்டி."

துண்டின் மேல் பக்குவமாக உட்கார்ந்தார். அறுவை செய்த காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்தார். மாப்பிள்ளை கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "மூடிரலாமா மாமா?" என்று கேட்டான். "ம், மூடுங்க மாப்ள" என்றார் அவர்.

ஆனால் இன்னொரு கால் வெளியேதான் இருந்தது. முன்னாலிருந்து மனைவி, "என்னங்க, கெளம்பலாம்ல?" என்றாள். மாமனார் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "மூடுங்க மாப்ள" என்று இன்னொரு முறை சொன்னார். நனைந்த செருப்பு தார்த் தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தது. அதைச் சுற்றி ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.