அனுமதி பெற்று எழுதப்பட்ட அரிப்பு

1

மனித குலம் தன் உடலை வென்றது நெருப்பாலும் அல்ல, இரும்பாலும் அல்ல, தயிரால்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு, அதன் அழகைப் பார்ப்பதற்காக நாற்காலியில் சாய்ந்தேன். குளியலறைக்குள்ளிருந்து என் மனைவி, "உங்க தயிர் எரியுது" என்றாள். இந்தக் கதை பிறந்தது அங்கேதான்.

விவரம் தெரியாதவர்களுக்கு: நான் ஒரு வார இதழில் 'மருந்தே வேண்டாம்' என்ற பத்தியை எழுதுகிறவன். கொஞ்சம் பெயர் உண்டு. நடுத்தெருவில் என்னை நிறுத்தி நாக்கை நீட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு. நானும் பார்த்துவிட்டு, "ம்" என்பேன். அந்த "ம்" பலரைக் குணப்படுத்தியிருப்பதாகக் கேள்வி.

மனைவி நீச்சல்குளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயிற்சி தருகிறவள். அவளுக்கு வந்தது ஈஸ்ட் என்னும் பூஞ்சைத் தொற்று. கீழே அரிப்பு, எரிச்சல், திரிந்த பால்போல வெள்ளைப்படுதல்.

(முதல் வரைவில் 'மர்ம உறுப்பு' என்று எழுதியிருந்தேன். "அதுல என்ன மர்மம்? எல்லாருக்கும் தெரிஞ்ச இடந்தானே" என்று சொல்லி அவளே அடித்துவிட்டாள்.)

2

பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும் கட்டம். அழகான பெயர்கள் நிறைய யோசித்தேன். அவளுடைய நிபந்தனை வேறு: எழுதலாம், அனுமதி உண்டு, ஆனால் பெயர் கூடாது. "இன்னொருத்தி பேரையும் போடாதீங்க, பாவம்" என்றாள். ஆகவே மனைவி. குற்றம் கண்டுபிடிக்க விரும்பும் விமர்சகர்கள் அவளிடமே போய்ப் பேசிக்கொள்ளலாம்.

பாத்திரத்தைப் பற்றி எனக்கொரு சந்தேகமும் இருந்தது. இவ்வளவு துணிச்சலான பெண் என் சொல்லைக் கேட்டுத் தயிர் தடவுவாளா? நம்பும்படி இல்லையே என்று அவளிடமே கேட்டேன். "அரிப்பு வந்தா சாமியாரையும் கேப்பேன், உங்களையும் கேப்பேன்" என்றாள். பாத்திரம் காலூன்றி நின்றுவிட்டது.

3

அவளுக்கு அவசரம் இருந்தது. குளத்தில் வேலை பார்க்கிறவர்கள் உயிர்காப்பாளர் உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டும். அடியில் கிடக்கும் கனமான ரப்பர் பொம்மையை முங்கி எடுத்துக் கரை சேர்க்க வேண்டும். பிறகு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே மற்ற சோதனைகள். தேறாதவர்களை டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்கு மாற்றிவிடுவார்கள். "தண்ணிக்கு அடியில எனக்கு மூச்சு முட்டாது, அந்தக் கூண்டுக்குள்ள முட்டிரும்" என்பாள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவளோ அரை மணி நேரம்கூட நீச்சல் உடையில் நிற்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் நான் களமிறங்கினேன்.

(இயற்கையன்னை தன் மடியில் ஒளித்து வைத்திருக்கும் பொக்கிஷ... வேண்டாம்.)

வீட்டில் சர்க்கரை ஒழிக்கப்பட்டது. அவளுக்கு வந்த நோய்க்கு நானும் வெறும் காப்பி குடித்தேன். இதை யாரும் தியாகம் என்று சொல்லவில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். வினிகர் கலந்த வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் ஆற்றியது, வேலைக்குக் கிளம்பி வீட்டு வாசலைத் தாண்டும் வரைக்கும்.

என் அக்கா தொலைபேசியில் பூண்டு வைத்தியம் சொன்னாள். உரித்த பல்லை நூலில் கட்டி உள்ளே வைக்க வேண்டுமாம். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணி, நீங்க வெச்சுப் பாத்தீங்களா?" என்றாள். அக்காவுக்குத் திடீரென்று சிக்னல் போய்விட்டது.

கடைசியாகத் தயிர். தயிரைப் பற்றி மாய்ந்து மாய்ந்து எழுதியவன் நான்; ஆனால் கடைக்குப் போய்த் தயிர் வாங்கியது அதுதான் முதல் தடவை. டப்பாக்களில் விலை கூடியதாகப் பார்த்து எடுத்து வந்தேன். முதல் பிரிவில் எரிந்தது அதுதான். துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவள் டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் படித்தாள். வெனிலா சுவை, இனிப்பூட்டப்பட்டது.

"வாசனை வந்துச்சு. மூலிகையா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

நான் "ம்" என்றேன். அது குணப்படுத்தவில்லை.

4

மறுநாள் அவளே மருத்துவரிடம் போனாள். நான் அங்கே இல்லை. இந்தப் பிரிவு முழுவதும் அவள் சொன்னது. என் பங்குக்கு மருத்துவருக்கு ஒரு தங்க விளிம்புக் கண்ணாடி மாட்டியிருந்தேன். அவள் கழற்றச் சொன்னாள்.

மருத்துவர் முதலில் கேட்டது, இது ஈஸ்ட்தான் என்று யார் சொன்னது என்று.

"வீட்டுக்காரர்."

"என்ன பண்றார்?"

"எழுதுறார்."

மருத்துவர் அதற்கு மேல் கேட்கவில்லையாம். பஞ்சுக்குச்சியால் எடுத்துச் சோதித்துப் பார்த்து, ஈஸ்ட்தான் என்று உறுதி சொன்னார். (இதை நான் வாழ்நாள் பெருமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறேன்.) இப்படி ஈஸ்ட் என்று வருகிற பலருக்கு வேறேதோ இருக்கும், அதனால் பார்க்காமல் எதையும் பூசக்கூடாது என்றார். தயிரைச் சாப்பிடு, உள்ளே வைக்காதே. பூண்டும் வினிகரும் அடுப்படியோடு நிற்கட்டும் என்றார். களிம்பு எழுதித் தந்தார். பிறகுதான், ஈரத்துணியோடு எவ்வளவு நேரம் இருக்கிறாய் என்று கேட்டார்.

காலை முதல் வகுப்பு தொடங்கிக் கடைசிக் குழந்தை கரையேறும் வரைக்கும் அதே ஈர உடைதான். மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்கு வகுப்பு குந்தியிருப்பாள். அங்கே எல்லாப் பயிற்சியாளர்களும் அப்படித்தான். உடை மாற்றப் போகிறவளைச் சோம்பேறி என்பார்களாம்.

5

அடுத்து அவள் செய்ததை நான் எந்தப் பத்தியிலும் எழுதியதில்லை. வகுப்புக்கு வகுப்பு உடை மாற்றினாள். நடுவில் தளர்வான, உலர்ந்த பருத்தித் துணி. வாசனைச் சோப்பை விட்டாள். வெறும் தண்ணீர், வெளியே மட்டும். சோம்பேறி என்று சிரித்தவர்களிடம் நேராகக் காரணத்தைச் சொன்னாள். சிரிப்பு நின்றது. இரண்டு பேர் ஓரமாக வந்து, "எனக்கும்தான்" என்றார்கள். இப்போது அந்தக் குளத்தில் துணி உலர்த்த ஒரு கொடி கட்டியிருக்கிறார்கள். அவள் கேட்டு வாங்கியது.

தேர்வன்று நான் பார்வையாளர் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் முங்கினாள். தண்ணீர் மூடிக்கொண்டது. நான் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு, தோற்றுப்போய், விட்டுவிட்டேன். அதற்கும் பிறகுதான் பொம்மையின் மோவாயைப் பிடித்தபடி மேலே வந்தாள். நாள் முழுக்க நீரிலிருந்தாள். மாலையில் தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலிருந்தவரிடம், "என் மனைவி" என்றேன். யாரும் கேட்காமலே மறுபடியும் சொன்னேன்.

6

முடிவுகள்.

(அ) தொற்றை வென்றது உலர்ந்த துணி. இயற்கை வாழ்க! எங்கள் இதழின் ஆசிரியருக்கு மிகவும் பிடித்த முடிவு. பத்தியின் பெயர் 'மருந்தே வேண்டாம்' என்றிருக்கும்போது கடைசிப் பாராவில் களிம்பு வந்தால், திருமண வீட்டில் பழைய காதலன் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கிறதாம்.

(ஆ) வென்றது களிம்பு. நான் வேலை தேடுகிறேன்.

(இ) களிம்பு தொற்றைத் துரத்தியது. திரும்பி வராமல் இதுவரை வாசலில் நிற்பது உலர்ந்த துணி. நடந்தது இதுதான். கதைக்கு இதில் ஆவேசம் போதாது.

(ஈ) வென்றது என் எழுத்

மேலே உள்ளதை அடித்தது மனைவி. பிறகு மொத்தத்தையும் நின்றபடியே படித்தாள். பத்திக்கு எது போகிறது என்று கேட்டாள். முதலாவது, என்றேன், ஆசிரியர் பாவம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"மருந்தை எடுத்துட்டீங்கன்னா என் அரிப்பையும் எடுத்துடுங்க" என்றாள். "அதை வெச்சுக்கிட்டு இதை மட்டும் எடுக்க நான் விடமாட்டேன். படிக்கிறவ ஒருத்தி தயிரோடயே கெடப்பா."

7

ஆகவே இது பத்தியாகப் போகவில்லை. கதையாக உங்களிடம் வந்திருக்கிறது. பத்தி இந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரத்தைப் பற்றி ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. எந்த முடிவைக் கடைசியில் வைப்பது என்பதை வாசகரான நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். களிம்பை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். அதை வாங்கி வந்தவன் நான்.

மருத்துவர் எழுதித் தந்த அன்று அவளுக்கு வகுப்பு இருந்தது. மருந்துக்கடைக்கு நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனேன். உள்ளேயும் கழற்றவில்லை. எங்களிடம் வண்டி கிடையாது.