உறவினர் யாரும் இல்லை

நேர்காணலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நாற்காலியில் ஏறிச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினேன். பத்து வருடம் வேலை பார்த்ததற்காக அம்மாவுக்குக் கம்பெனி கொடுத்த கடிகாரம் அது. நடுவில் கம்பெனியின் முத்திரை, அதன் கீழே மலாயில் நன்றி. மடிக்கணினியின் கேமராவுக்கு நேர் எதிரே, என் தலைக்கு மேலே, அது அப்படியே தெரிந்தது. கழற்றிய இடத்தில் சுவர் வட்டமாக வெளுத்திருந்தது. வட்டம் தெரிந்தால் பரவாயில்லை, முத்திரை தெரியக்கூடாது. கடிகாரத்தை மெத்தையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

கடிகாரத்தோடு முடிகிற விஷயமா அது? கதவுக்குப் பின்னால் தொங்கும் குடை, துண்டு, தண்ணீர் போத்தல், குடும்ப தினத்துக்குக் கொடுத்த டீசட்டைகள் என்று ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டில் சாமி படங்களுக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது அந்த முத்திரைதான். கேமரா பார்க்காத இடத்தில் நான் போட்டிருந்த கால்சட்டையிலும் அது இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செய்துகொண்டிருந்தேன்.

நான் லோகேஸ்வரி. கணினியியல் இறுதியாண்டு. கடைசி அரையாண்டில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை செய்தால்தான் பட்டம். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் ஒரு கம்பெனியின் கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் அரையாண்டு தள்ளிப்போகும். அறுபத்து மூன்று இடங்களுக்கு எழுதிப் போட்டிருந்தேன். முதல் நான்கைந்து மறுப்புகளுக்கு அழுதேன். பத்தாவதுக்கு ஒரு ரொட்டிச் சானாய் கூடுதலாகச் சாப்பிட்டேன். இருபதுக்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை. மின்னஞ்சலைத் திறப்பேன், ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லைத் தேடுவேன், இருக்கும், மூடிவிடுவேன். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. தொடுவது தெரியும், வலி தெரியாது.

அறுபத்து நான்காவது அம்மாவின் கம்பெனி. பெரிய தொழில்நுட்பக் கம்பெனி. பத்து காவான் என்ற ஊரில் அவர்களுக்கு இரண்டு கட்டடங்கள். ஒன்றில் சில்லுகள் செய்கிறார்கள், அம்மா அங்கே ஆபரேட்டர். இன்னொன்றில் மென்பொருள் எழுதுகிறார்கள். விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்நிறுவனத்தில் பணிபுரியும் உறவினர் எவரேனும் உண்டா? பக்கத்தில் இரண்டு வட்டங்கள், ஆம், இல்லை. ‘ஆம்னு போட்டா ஓரங்கட்டிருவாங்க’ என்று சீனியர் ஒருவர் முன்பு சொல்லியிருந்தார். பழியை அவர் தலையில் போடலாம். ஆனால் நான் முதலில் ‘ஆம்’ என்றுதான் அழுத்தினேன். உடனே கீழே ஒரு பெட்டி திறந்தது. உறவினரின் பெயர், பிரிவு, பதவி. மோகனா என்று எழுதினேன். பதவி என்ற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. மேலே என்னைப் பற்றி எத்தனையோ அழகாக எழுதியிருந்தேன். திரும்பிப் போய் ‘இல்லை’ என்று அழுத்தினேன். பெட்டி மூடிக்கொண்டது. அம்மாவின் பெயரும் அதற்குள் போய்விட்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவும் இல்லை. அதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

நேர்காணலில் இரண்டு பேர் வந்தார்கள். மனிதவளப் பிரிவிலிருந்து அமீரா, பொறியாளர் ஹைருல். ஹைருல் என் திட்டப்பணியைப் பற்றிக் கேட்டார். பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற செயலி அது. மடமடவென்று பதில் சொன்னேன். பிறகு, “எங்கள் நிறுவனத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இணையதளத்தில் படித்ததை ஒப்பித்தேன். எனக்குத் தெரிந்ததோ வேறு. கம்பெனி பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் பிளாக்கின் கீழே வந்து நிற்கும். உள்ளே எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போடவேண்டும், கண்கள் மட்டும் வெளியே தெரியும். நகை கூடாது. அதனால் அம்மா தினமும் மூக்குத்தியைக் கழற்றி ஒரு சின்ன மருந்து டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்வார். நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது காலையில் உப்பில் ஊறவைத்து அவித்த ஒரு உப்பு முட்டையை நடுவில் வெட்டி, ஒரு பாதியை என் சாப்பாட்டு டப்பாவிலும் ஒரு பாதியைத் தன் டப்பாவிலும் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அந்தக் கம்பெனியின் சோற்றைத்தான் இருபது வருடமாகத் தின்கிறேன். ஹைருலிடம் “புதுமைக்கு முன்னுரிமை தருகிறீர்கள்” என்றேன்.

முடிக்கும்போது அமீரா படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “உறவினர் யாரும் எங்களிடம் வேலை செய்யவில்லை என்று போட்டிருக்கிறீர்கள். சரிதானே?”

“சரிதான்” என்றேன். மெத்தையில் கடிகாரம் டிக் டிக்கென்றது எனக்கு மட்டும் கேட்டது.

அன்று மாலை வேலை முடிந்து வந்த அம்மா, செருப்பைக் கழற்றும் முன்பே சுவரைப் பார்த்தார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். இரண்டாவது நேர்காணல் வந்தாலும் வரும், மறுபடி கழற்றுவானேன் என்று அதைத் துணிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். நேர்காணல் நடந்ததைச் சொன்னேன். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றும் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

அம்மாவிடம் அப்படிச் சொன்னது என் தப்பு. அம்மாவுக்குப் படிவங்களில் நம்பிக்கை கிடையாது. படிவம் நிரப்புவது ஒரு மரியாதைக்கு. காரியம் நடக்கவேண்டுமென்றால் ஆளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி வைக்கவேண்டும். மருத்துவமனையோ பள்ளிக்கூடமோ, எங்கேயும் யாரிடமாவது சொல்லி வைத்துத்தான் எங்கள் வீட்டில் எதுவும் நடந்திருக்கிறது. அம்மாவுக்கு இந்த வேலை கிடைத்ததே கீழ்வீட்டு வள்ளியம்மா அக்கா தன் சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்ததால்தான். ஷிஃப்ட் முறையில் அந்த வாரம் புதன்கிழமையும் அம்மாவுக்கு ஓய்வு நாள். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார். வியாழக்கிழமை சர்க்கரைப் பொங்கல் செய்து டப்பாக்களில் போட்டு எடுத்துப்போனார். லைனில் கூட வேலை செய்பவர்களுக்காக்கும் என்று நினைத்தேன். அதில் ஒரு டப்பா மனிதவளப் பிரிவின் கவுண்டருக்குப் போனது வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று ஏழரை மணிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து இரண்டு பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தார். மூக்குத்தியை இன்னும் மாட்டவில்லை.

“இன்னிக்கு எச்.ஆர்.ல கூப்ட்டாங்க” என்றார்.

நான் மடிக்கணினியை மூடினேன்.

“நேத்துப் பொங்கல் குடுத்தேன்லா, அமீராகிட்ட. எம் பொண்ணு லோகேஸ்வரி, இண்டர்வியூ முடிஞ்சிருக்கு, கொஞ்சம் பாத்துக்குங்கன்னேன். ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டா. நல்ல புள்ளதான். இன்னிக்குக் கூப்ட்டு ஸ்கிரீனத் திருப்பிக் காட்டுனா. ஒன் போட்டோ இருந்துச்சு. கீழ ‘இல்ல’ன்னு இருந்துச்சு.”

“மா...”

“பொய்யா எழுதிக் குடுத்தா வேல கெடையாதாமே. அதயும் காட்டுனா.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“பக்கத்து வீட்டுப் புள்ளன்னு சொன்னேன். சின்னதுலேர்ந்து நாந்தான் பாத்துக்கிட்டேன், அதான் எம் பொண்ணுன்னு வாயில வந்துருச்சுன்னேன்.”

“நம்புனாங்களா?”

“எழுதிக்கிட்டாங்க.”

அழுகை வரவேண்டிய இடம் அது. எனக்கே தெரிந்தது. காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. அதற்குப் பதிலாகத் தலைக்குள் கணக்குதான் ஓடியது. படிவத்தில் நான் கொடுத்தது விடுதி முகவரி, அதனால் முகவரி மாட்டாது. ஆனால் கம்பெனி அம்மாவுக்குக் கொடுத்த மருத்துவ அட்டையில் போன வருடம் வரை என் பெயர் இருந்தது. அமீரா ஒரே ஒரு கோப்பைத் திறந்தால் போதும். திறந்திருப்பார். திறந்துவிட்டுத்தான் கேட்டிருப்பார். அடுத்த மாதம் அம்மாவுக்கு இருபது வருட விருது, ஹோட்டலில் விருந்து, மேடையில் பெயரைக் கூப்பிடுவார்கள். அதற்குக் கட்ட நீலப் புடவை எடுத்து ரவிக்கையும் தைக்கக் கொடுத்திருந்தார். பொய் சொன்னவர்களுக்கு வேலை இல்லை என்ற விதி எனக்கு மட்டுமானதல்ல.

“ஆமான்னு போட்டா என்னா கேக்கும்?” என்றார் அம்மா.

“பேரு, டிபார்ட்மெண்ட்டு... என்னா வேலன்னு.”

“அவ்ளோதானா?”

அவ்வளவுதான் என்று தலையாட்டினேன். அம்மா எழுந்து முகம் கழுவப் போனார். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. நான் மடிக்கணினியைத் திறந்தேன், வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல். அமீராவிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது, மாலை ஐந்து பத்துக்கு அனுப்பியது. கடிதம் தயாராகிறது. அதற்கு முன், உங்கள் படிவத்தை மறுபடி திறந்து வைத்திருக்கிறோம். எல்லாப் பதில்களையும் ஒருமுறை சரிபார்த்து அனுப்பவும். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குப் படிவம் மூடப்படும். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

“அப்டியே வுட்ரு” என்றார்.

“மாத்தலாம்னுதாம்மா தெறந்து வச்சிருக்காங்க.”

“மாத்துனா? நான் பொய் சொன்னேன்னு ஆவும். நீயும் மொதல்ல பொய் சொன்னேன்னு ஆவும். ரெண்டு பேரும் வீட்ல ஒக்காந்துக்கலாம். ஒனக்கு லெட்டர் வேணும்ல?”

“வேணும்.”

“அப்ப வுட்ரு லா. கம்பெனிக்குள்ளதான ஒனக்கு அம்மா இல்ல? வீட்ல இருக்கேன்ல.”

இதைச் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான். அதைக் கண்டுபிடித்துத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

சனியும் ஞாயிறும் அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கினார், துணி துவைத்தார், தையற்கடைக்குப் போய் ரவிக்கையை வாங்கி வந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேட்டரிகள் மேசைமேலேயே கிடந்தன. சுவரில் வட்டம் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் மணி பார்க்க அங்கே பார்ப்பதும், பிறகு கைத்தொலைபேசியைப் பார்ப்பதுமாக இருந்தோம்.

திங்கட்கிழமை விடியற்காலை நெத்திலிச் சம்பல் வாசத்தில் விழித்தேன். சமையலறையில் இரண்டு டப்பாக்கள் திறந்திருந்தன. ஒன்றில் சோறு, பருப்பு, வெண்டைக்காய்ப் பொரியல். இன்னொன்றில் தேங்காய்ப்பால் சோறு, சம்பல். அம்மாவின் நெற்றியில் வேர்வை.

“எதுக்கும்மா ரெண்டு சமையலு?”

“அங்க ஒரே கேண்டீன்தான். ஆபீஸ் ஆளுங்களும் அங்கதான் வருவாங்க. ரெண்டு பேரு டப்பாவுலயும் ஒரே கறி இருந்தா பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிரும்ல?” மூடியை அழுத்தி மூடினார். “நீ வேலைக்கு வந்தப்புறம் தெனமும் ரெண்டு வக செய்யணும். நேரம் பத்துமான்னு செஞ்சு பாத்தேன். பத்துது. நாலு மணிக்கு எழுந்தா போதும்.”

அதைச் சொல்லும்போது அம்மா கோபமாக இல்லை. ஒரு காரியம் முடிந்த நிம்மதிதான் முகத்தில் இருந்தது. மூக்குத்தியைக் கழற்றி மருந்து டப்பாவில் போட்டார். பருப்பு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டார். மற்றதை என் பக்கம் நகர்த்தினார். கீழே பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பதினான்காவது மாடியிலிருந்து பார்த்தபோது வரிசையில் எந்தத் தலை அம்மாவுடையது என்று தெரியவில்லை.

படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு மணி, ஒன்பது, பத்து. எல்லாப் பதில்களையும் சரிபார்த்தேன். பெயர் சரி. அடையாள அட்டை எண் சரி. மதிப்பெண் சரி. கடைசிப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள், ஒன்று நிரம்பி, ஒன்று காலியாக. ‘ஆம்’ என்பதைத் தொட்டுப் பார்த்தேன், பெட்டி திறந்தது. பெயர், பிரிவு, பதவி. பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது. ‘இல்லை’யைத் தொட்டேன், மூடியது. மறுபடி திறந்தேன்.

மணி பார்க்கச் சுவரைப் பார்த்தேன், வட்டம்தான் இருந்தது. திரையின் மூலையில் பதினொன்று நாற்பத்தெட்டு. பசி என்று சொல்லமுடியாது, கை எதையாவது செய்யவேண்டியிருந்தது. டப்பாவின் மூடியைத் திறந்தேன். சோறு ஆறியிருந்தது, சம்பலின் எண்ணெய் ஓரமாக இறங்கியிருந்தது. சோற்றின் மூலையில் அரை உப்பு முட்டை, ஓட்டோடு, நடுவில் கத்தி வைத்து வெட்டியது, மஞ்சள் கரு மேலே பார்த்தபடி.

இன்னொரு பாதி பத்து காவானில் இருக்கிறது, அம்மாவின் டப்பாவுக்குள். அங்கே சாப்பாட்டு மணியும் பன்னிரண்டுக்குத்தான் அடிக்கும்.