உள்ளே விடும் துணி

"இந்த வேக்காட்டுல எதுக்குங்க கோட்டு? மாப்பிள்ளை அழைப்பா?" என்றார், அளவு கொடுக்கக் கையைத் தூக்கி நின்ற தபால்காரர்.

"சளி" என்றார் தையல்காரர். முப்பது வருடமாக ஊரார் நெஞ்சையெல்லாம் அளந்தவருக்குத் தன் நெஞ்சை மறைக்க அந்த ஒரு சொல்தான் கிடைத்தது. சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புவரை போய்விட்டது. ஆண் ஹார்மோன் சுரப்பை அடக்கினால் அதுவும் அடங்கும் என்று மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. நோய் என்னவோ அடங்கித்தான் இருந்தது. ஆனால் அந்த ஊசியால் மார்பு இரண்டு பக்கமும் திரண்டுகொண்டு வந்து, சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. போதாக்குறைக்கு, சும்மா நிற்கும்போதே உடம்பெல்லாம் குபீரென்று அனல் அடிக்கும். கோட்டுக்குள் மனிதர் வெந்துகொண்டிருந்தார்.

தபால்காரர் போனதும் நாற்காலியில் சரிந்தார். அலுப்பு என்றால் அப்படியொரு அலுப்பு, தூங்கி எழுந்தாலும் தீராதது. மூலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"ஊசி போடவேண்டிய தேதி போய் பத்து நாளாச்சு. டாக்டர் லீவுன்னீங்க. நேத்து போன் பண்ணிக் கேட்டேன். இருக்காராம்."

அவர் கத்தரியை எடுத்தார், வைத்தார். பொய் பிடிபட்டதில் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

"போதும்மா. அதைப் போட்டுப் போட்டு இது என் உடம்பு மாதிரியே இல்ல. கண்ணாடி பார்க்கவே கூசுது."

"போடலேன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"நான் தனியா என்ன பண்ணுவேன்னும் கொஞ்சம் யோசிச்சுக்குங்க."

அதைச் சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை.

அவள் எழுந்து கடைக் கதவைச் சாத்தினாள். "கழட்டுங்க. கோட்டு, சட்டை, எல்லாத்தையும்."

மறுத்துப் பேச அலுப்பாக இருந்தது. கழற்றினார். அவள் டேப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து நெஞ்சில் சேர்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாப்பத்திரண்டு" என்றாள், முன்பின் தெரியாத வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோல. நோட்டில் எழுதிக்கொண்டு, அலமாரியிலிருந்து நீலத் துணியை எடுத்து வெட்டும் மேசையில் விரித்தாள். சாக்பீஸால் கோடு போட்டாள்.

அவர் கண்ணைத் திறந்து, சாக்பீஸ் ஓடுவதைப் பார்த்தார்.

"ஊசி போட்டா, இன்னும் மூணு மாசத்துல இதுவும் பத்தாது."

"பத்தலேன்னா பிரிச்சுத் தைப்போம். உள்ளே அரை இஞ்ச் துணி விட்டிருக்கேன்."

"அரை இஞ்ச் எந்த மூலைக்கு?" என்று முனகிக்கொண்டே அவர் இடுப்பைப் பிடித்தபடி மேசையருகே வந்தார். அவள் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, வெற்று மார்போடு துணிமேல் குனிந்து, அவள் போட்ட கோட்டுக்கு வெளியே, நன்றாகத் தள்ளி, இன்னொரு கோடு இழுத்தார்.