மூன்றாவது சுரம்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு மழை, ரயில், முதல் காதல் என்று ஏதேதோ கிடைக்கிறது. எனக்குச் சொத்தைப் பல். பல் டாக்டர் என் வாய்க்குள் இரண்டு விரலை விட்டபடி, தான் ஹார்ன் வாசித்த கதையைச் சொன்னார். குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்க முடியாத நிலையில் கேட்டது. கதையில் குறையிருந்தால் மரத்துப்போன என் தாடையைக் கேளுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு அவர் கண்டக்டரைப் பார்த்தார்.'

[அடித்துவிட்டேன். பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்பீர்கள். இது நாற்பது பேர் உட்கார்ந்து வாசிக்கிற இசைக்குழு. ஹார்ன் என்பது நத்தை மாதிரிச் சுருண்ட பித்தளைக் குழாய். அதன் அகன்ற வாய் வாசிப்பவரின் முதுகுப்பக்கம் திரும்பியிருக்கும். இதை நினைவில் வையுங்கள். கையில் கோலை ஆட்டிக் குழுவை நடத்துகிற கண்டக்டரைக் கோல்காரர் என்றே சொல்லிவிடுகிறேன்.]

இரண்டாவது தொடக்கம்: 'இசை என்பது ஆன்மாவின்—'

[மன்னிக்கவும்.]

3

டாக்டர் இருபது வருடமாக, ஆசைக்கு வாசிக்கிறவர்களின் ஓர் அமெச்சூர் குழுவில் முதல் ஹார்ன். வருடத்துக்கு ஒரு கச்சேரி. அதன் கடைசியில் மற்ற முப்பத்தொன்பது பேரும் வாயை மூடிக்கொள்ள, ஹார்ன் மட்டும் பேசுகிற அரை நிமிடம் ஒன்று உண்டு. அந்த அரை நிமிடத்துக்காகத்தான் மீதி வருடம். போன வருடம் அதில் மூன்றாவது சுரம் கரகரத்துப் பிளந்தது.

"தப்பு வந்ததே எனக்குத் தெரியாதுங்க," என்றார் மனைவி. "உங்க மூஞ்சி போன போக்கைப் பாத்துதான் தெரிஞ்சுது. உங்க பல்லை நீங்களே புடுங்கிக்கிட்ட மாதிரி."

"இந்த வருஷமும் கெட்டா, ஹார்னைப் பரண்ல ஏத்திடறேன். சத்தியமா."

"மொதல்ல இதே மாதிரி சத்தியம் பண்ணி அங்க ஏத்தின கேமராவை எறக்குங்க. இடம் இல்ல."

4

இந்த வருடம் கோல்காரர், காசுக்கு ஹார்ன் வாசிக்கிற ஒரு தொழில்காரரை டாக்டருக்குத் துணையாக உட்கார வைத்தார். பெரிய குழுக்களில் இது வழக்கம்தான். எல்லோரும் சேர்ந்து முழங்கும் இடங்களைத் துணை ஆள் வாசிப்பார். முதல் ஆள் தன் உதட்டைத் தனி வாசிப்புக்குப் பத்திரப்படுத்துவார்.

"எனக்கெதுக்குத் துணை? நான் என்ன பிள்ளைத்தாச்சியா?"

"உங்களுக்கு இல்ல சார், உங்க உதட்டுக்கு," என்றார் தொழில்காரர். "சத்தமான எடத்தையெல்லாம் எங்கிட்ட விட்டுடுங்க."

[இவரை ஆணவக்காரராக்கிவிட மிகவும் ஆசைப்பட்டேன். வில்லன் இருந்தால் எனக்கு வசதி. அவரோ இடைவேளையில் தன் ஈறு வீக்கத்தை டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார். தேறவில்லை.]

* ஓர் அடிக்குறிப்பு, நடுவிலேயே. கச்சேரிக்கு முன் அமெச்சூர் தன் கஷ்டமான பகுதியை மண்டபம் அதிர ஏழு தடவை வாசிப்பார். தொழில்காரர் இரண்டு சுரம் மெல்ல ஊதுவார், குழாயில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவார், கழிப்பறை எங்கே என்று விசாரிப்பார். தப்பு இருவருக்கும் வரும். அமெச்சூரின் முகம் அதை ஊருக்கே அறிவிக்கும். தொழில்காரர் முகத்தில் ஒன்றும் அசையாது.

5

கச்சேரியில் டாக்டர் எதையும் விட்டுத்தரவில்லை. ஒவ்வொரு முழக்கத்தையும் கன்னம் சிவக்கத் தானே ஊதினார்.

"சார், ஹார்னை எறக்குங்க சார்," என்றார் தொழில்காரர்.

"நாலாவது வரிசைல வீட்ல உக்காந்திருக்காங்க," என்றார் டாக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு.

தனி வாசிப்புக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது உதடு அவருடையதாக இல்லை.

"வருமா சார்?"

கோல் உயர்ந்தது. தொழில்காரர் ஹார்னைத் தூக்கினார். டாக்டரும் தூக்கினார். இருவரும் மூச்சை இழுத்தார்கள்.

6

முடிவு ஒன்று: டாக்டர் வாசிக்க, அரங்கமே எழுந்து நின்று கண்ணீர்—

[கை கூசுகிறது.]

முடிவு இரண்டு: தொழில்காரர் வாசித்துவிட, டாக்டர் அன்றே ஏணி போட்டு—

[கேமராவை வேறு இறக்க வேண்டும்.]

எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். முதுகுப்பக்க வாயிலிருந்து கிளம்பிய சத்தம், பின்சுவரில் பட்டு, மண்டபம் முழுக்கப் பரவியது. இரண்டு ஹார்னில் எது என்று நாலாவது வரிசைக்குத் தெரிய வழியில்லை. அழகாக வந்தது. மூன்றாவது சுரம் மட்டும் லேசாகப் பிளந்தது. மனைவி கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. பக்கத்து முகமும்தான்.

"இந்தத் தடவை ஒரு தப்பும் வரலையேங்க," என்றாராம், வீட்டுக்குப் போகும் வழியில்.

"ம்," என்றாராம் இவர்.

7

வாயில் பஞ்சோடு கேட்டே விட்டேன்: "ஆயு ஆசிச்சா?" [யாரு வாசிச்சா?]

"கொப்பளிங்க," என்றார்.

கொப்பளித்தேன். மூலையில் ஹார்ன் பெட்டி நின்றது. ஒத்திகைக்குக் காத்திருக்கிறதா, பரணுக்கா? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நிமிர்ந்தேன். நீங்களும் பாருங்கள், என்னைவிட நன்றாகப் பார்ப்பீர்கள்.

ஒன்றும் அசையவில்லை.